கூண்டு நம்பரை விடுங்க, அமாவாசை என்னைக்குன்னு பாருங்க

நாகை துறைமுகத்தில் மூணாம் நம்பர் புயல் கூண்டு ஏத்திட்டாங்கன்னு டிவி அலறும். எங்கப்பா எழுந்து போய் காலண்டரில் அமாவாசை என்னைக்குன்னு பார்ப்பார். சின்ன வயசில் சிரிச்சிருக்கேன். இப்போ நானும் அதைத்தான் பார்க்கிறேன்.

நாங்க தலைஞாயிறு பக்கம், கடைமடை. மேட்டூர் தண்ணி எல்லாருக்கும் பாஞ்ச பிறகுதான் எங்களுக்கு வரும். மழைத்தண்ணி மட்டும் ஊர்ப்பட்டது எல்லாம் எங்க வழியாத்தான் கடலுக்குப் போகணும். அரிச்சந்திரா, அடப்பாறு, வெள்ளையாறு, எங்களுக்குப் பாசனமும் அதுதான், வடிகாலும் அதுதான். நிலத்துக்கு வாட்டம், அதாவது சரிவு, கிடையாது. அமாவாசை, பௌர்ணமியில் கடல் ஏறி நின்னா ஆத்துத் தண்ணியை வாங்காது. மதகைத் திறந்தா உப்புத்தண்ணி உள்ளே வரும். மூடினா மழைத்தண்ணி வயல்லயே நிக்கும். அப்பா காலண்டரைப் பார்த்தது இதுக்குத்தான்.

2018 நவம்பர் 16 விடியக்காலை கஜா புயல் அடிச்சதை நான் குறைச்சுச் சொல்லல. பட்டுக்கோட்டை, பேராவூரணியில் தென்னை வெச்சிருந்தவங்களுக்கு அது ஒரு தலைமுறை வருமானத்தையே கொண்டுபோச்சு. ஆனா நெல்லுக்காரனை முடிக்கிறதுக்கு அவ்வளவு காத்து வேண்டாம். 2008 நிஷா புயல் மழையாவே கொட்டுச்சு, ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 60 சென்டிமீட்டருக்கு மேல். 2023 பிப்ரவரியில் வந்ததுக்குப் பேர்கூட இல்லை. அறுக்க நின்ன சம்பா அப்படியே சாஞ்சு தண்ணியில் கிடந்தது. பேர் வைக்காத மழைக்கு கேமராவும் வராது போல.

தூர்வாரலையான்னு கேட்பீங்க. வாருறாங்க, சித்திரை வைகாசியில், மேட்டூர் திறக்கிறதுக்கு முன்னாடி. அது தண்ணி வர்றதுக்கு. அதே ஆத்தில் ஐப்பசிக்குள்ள ஆகாயத்தாமரையும் நெய்வேலி காட்டாமணக்கும் திரும்ப மண்டிடுது. தண்ணி போறதுக்கு புரட்டாசியில் இன்னொரு தடவை வழி விடணும். இதைத்தான் வருஷாவருஷம் கேட்கிறோம். கான்கிரீட் வேண்டாம், ஒரு பொக்லைன் ரெண்டு வாரம் போதும்.

வெள்ளம் தாங்குற நெல் போடுங்கன்னும் சொல்றாங்க. சிஆர் 1009 சப்-1 ரெண்டு வாரம் வரை முழுகிக் கிடந்தாலும் துளிர்க்கும், உண்மைதான். அதுக்குள்ள தண்ணி வடியணுமே!

ஒரு வருஷம் வடிஞ்சப்புறம் கணக்கெடுக்க வந்தவர் வரப்புல நின்னுக்கிட்டே, "பயிர் பச்சையாத்தானேய்யா இருக்கு" என்றார். 33 சதவீதத்துக்குக் குறைவா சேதம்னா நிவாரணம் இல்லை. அப்பா இறங்கிப் போய் ஒரு குத்தைப் பிடுங்கினார். இழுக்கவே வேண்டியிருக்கல, கையோட வந்துடுச்சு. வேர் கறுத்து, அழுகின நாத்தம். கணக்கெடுக்க வந்தவர் மூக்கில் கைக்குட்டையை வெச்சுக்கிட்டு, "சரி, போட்டோ எடுத்துக்கிறேன்" என்றார்.