இலையைப் படமெடுக்கவா வந்தேன்?

சிங்கப்பூரின் மெக்ரிட்சி நீர்த்தேக்கக் காட்டுப்பாதையில் காலை 7 மணிக்கே போய் நின்று, லென்ஸில் படியும் ஆவியைத் துடைத்துத் துடைத்துக் கை ஓய்ந்தபின், உள்ளங்கை அகலத்துக்குக் கால்விரித்துத் தொங்கும் பெண் பொன்வலைச் சிலந்தியை நோக்கிக் கேமராவைத் திருப்பினால், அந்தப் பாழாய்ப்போன ஆட்டோஃபோகஸ் அதை விட்டுவிட்டுப் பின்னாலிருக்கும் இலையை அல்லவா பிடிக்கிறது! (அருகிலேயே ஒட்டியிருக்கும் பொடி ஆண் சிலந்தியைப் படம்பிடிக்கும் ஆசையை எப்போதோ விட்டுவிட்டேன்.) இலையை எடுக்கவா ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தைத் தொலைத்தேன்? கையால் சரிசெய்தால் காற்று வீசுகிறது. காற்று நின்றால் கதிரவன் மேகத்துக்குள் ஒளிகிறான். பெருக்கல் குறிபோல் கால்களைச் சேர்த்து அமரும் இன்னொரு வகைச் சிலந்தியோ, நான் நெருங்கியதுமே வலையோடு சேர்ந்து குலுங்கத் தொடங்குகிறது. எல்லாம் அபூர்வமாகக் கூடிவந்த ஒரே நொடியில், "என்ன அண்ணே, பாம்பா?" என்று கேட்டபடி ஒருவர் வலைக்குள்ளேயே தலையை நீட்டினார்.