3036 வந்தால் ஹார்ட் டிஸ்க் போச்சு என்று அர்த்தமில்லை

விண்டோஸ் ஈவென்ட் வியூவரில் (கம்ப்யூட்டரில் நடப்பவற்றின் பதிவுகளை, அதாவது லாகுகளைக் காட்டும் கருவி) 3036 என்ற எண்ணுள்ள எச்சரிக்கை வந்தால் ஹார்ட் டிஸ்க் சாகப்போகிறது, உடனே மாற்றுங்கள் என்று ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு. அப்ளிகேஷன் லாகில் விண்டோஸின் தேடல் சேவை எழுதும் வரி அது. இண்டெக்ஸ் செய்ய (வேகமாகத் தேடுவதற்காக ஃபைல்களைப் பட்டியலிட) போன ஓர் இடத்தை அணுக முடியவில்லை என்கிறது, அவ்வளவுதான். எந்த இடம் என்பதும் அந்த வரியிலேயே இருக்கிறது, அதைப் படிக்காமல் எண்ணை மட்டும் பார்த்துப் பதறி நல்ல டிஸ்க்கைத் தூக்கிப் போடாதீர்கள். அந்த இடத்தின் முகவரி 'சிஎஸ்சி' (csc) என்று தொடங்கினால் ஆஃப்லைன் ஃபைல்ஸ் (நெட்வொர்க் ஃபைல்களின் நகலை நம் கம்ப்யூட்டரில் வைத்திருக்கும் வசதி) பக்கம் பாருங்கள். இண்டெக்ஸிங் ஆப்ஷன்ஸ் திறந்து, தேவையில்லாத இடமென்றால் டிக்கை எடுத்துவிடலாம். டிஸ்க்கில் பழுதான பிளாக் (தகவல் சேமிக்கும் சிறு பகுதி) இருந்தால் அது சிஸ்டம் லாகில், 'டிஸ்க்' என்ற சோர்ஸில், 7 என்ற எண்ணோடு வரும். அப்போது முதலில் பேக்கப் எடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.