சோதிக்காமலே சக்ஸஸா?

பைதான் புரோகிராமிங் மொழியோடு வரும் ஸ்டாண்டர்ட் லைப்ரரியில் ஒரு வரி திருத்தினாலும் டெஸ்ட் சூட்டை, அதாவது சோதனைத் தொகுப்பை, முழுக்க ஓட்டிப் பார்க்க வேண்டும். சரி, ஓட்டலாம். ஆனால் ஓட விடுகிறதா? பாதுகாப்பான இணைப்புக்கு வேண்டிய ஓபன்எஸ்எஸ்எல்லின் டெவலப்மென்ட் பேக்கேஜ் இல்லையென்றால், பில்டுக்கு முன் கம்ப்யூட்டரில் என்னென்ன இருக்கிறது என்று பார்க்கும் கன்ஃபிகர் ஸ்கிரிப்ட் அதை ஏதோ ஒரு வரியில் முணுமுணுத்துவிட்டுப் போய்விடுகிறது. சோர்ஸ் கோடிலிருந்து பைதானை உருவாக்கும் பில்டும் முடிந்துவிடுகிறது. அப்புறம் எஸ்எஸ்எல் டெஸ்ட் ஸ்கிப்ட், அதாவது ஓட்டாமலே தாண்டியாச்சு. இப்படியே தேவையான பேக்கேஜ் இல்லையென்றால் விண்டோ வரைகிற டிக்கிண்டர் ஸ்கிப்ட். டெர்மினல் திரைக்கான கர்சஸ் ஸ்கிப்ட். கடைசி வரியில் மட்டும் பெரிய எழுத்தில் சக்ஸஸ்! தொட்டே பார்க்காததற்கு எதற்கு இந்த வெற்றி அறிவிப்பு?

எல்லாவற்றையும் சோதிக்கலாம் என்று 'மைனஸ் யு ஆல்' என்ற ஆப்ஷனைக் கொடுத்தால், பெரிய ஃபைல் டெஸ்டுக்கு மட்டும் டிஸ்க்கில் 2 ஜிபிக்கு மேல் வேண்டும். நெட்வொர்க் டெஸ்ட் வெளி சர்வரைத் தேடிப் போய்க் காத்து நிற்கும். மார்த்தாண்டத்தில் அந்த நேரம் பார்த்துத்தான் மழை வரும். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் கொட்டுகிற மாவட்டம் இது. இன்டர்நெட் போகும், பின்னாலேயே கரண்டும் போகும். திரும்ப முதலிலிருந்து ஓட்ட வேண்டும். பிழை பிடிக்கக் கூடுதல் சரிபார்ப்புகளோடு உருவாக்கும் டீபக் பில்ட் என்றால் அதுவும் ஆமை வேகம்.

எல்லாவற்றையும்விட எரிச்சல், சேர்த்து இணையாக ஓட்டும்போது விழுகிற டெஸ்ட் தனியாக ஓட்டினால் பாஸ் ஆவது. இதில் எதை நம்பி நான் என் திருத்தத்தை பேட்சாக அனுப்புவது? சம்பளமில்லாமல் ராத்திரி உட்கார்ந்து வேலை செய்ய வருகிறவனை இப்படியா அலைக்கழிப்பது?