ஆறுதல் பரிசு இல்லை

பயன்பாட்டு மாதிரி, அதாவது சின்னச் சின்ன மேம்பாடுகளுக்குக் காப்புரிமையைவிடக் குறைந்த காலத்துக்குக் கிடைக்கும் பதிவுப் பாதுகாப்பு, காப்புரிமை கிடைக்காதவர்களுக்குத் தரும் ஆறுதல் பரிசு என்று அதைப் பற்றிய கட்டுரையில் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். யாங்கோனில் சிறிய லேத் பட்டறை நடத்தும் எனக்கு அப்படித் தோன்றவில்லை.

எங்கள் வேலை பெரும்பாலும் பருப்பு மில்களுக்குத்தான். சல்லடையின் சாய்வைக் கொஞ்சம் மாற்றினால் உடைசல் குறையும், அவ்வளவுதான் எங்கள் புதுமை. துறை தெரிந்தவருக்கு எளிதில் தோன்றாத படைப்புத் திறன் வேண்டும் என்கிற காப்புரிமைத் தேர்வில் இது தேறுமா? சந்தேகம்தான். மியன்மாரின் 2019 காப்புரிமைச் சட்டம் இதற்காகவே சிறு கண்டுபிடிப்பு என்று தனி வகை வைத்திருக்கிறது; பயன்பாட்டு மாதிரிக்கு இங்கே அதுதான் பெயர். புதியதாகவும் தொழிலுக்குப் பயன்படுவதாகவும் இருந்தால் போதும். பாதுகாப்பு 10 ஆண்டு, காப்புரிமைக்கு 20. சல்லடைக்கு 10 ஆண்டே தாராளம், அதற்குள் மில்காரரே வேறு மாடல் கேட்பார். சட்டம் நடைமுறைக்கு வந்தது 2024 மே 31-இல்தான், அது வேறு கதை.

கட்டுரையில் விடுபட்ட ஒன்று: விண்ணப்பிக்கும் முன்பே விற்றுவிட்டால் பொருள் ‘புதியது’ என்ற தகுதியை இழக்கக்கூடும். நம் ஆட்கள் முதலில் நாலு மில்லுக்கு விற்றுப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் பதிவைப் பற்றி யோசிப்பார்கள். விண்ணப்பம் முதலில், விற்பனை பிறகு.

கட்டுரையாளர் ஜெர்மனியை உதாரணம் காட்டியது சரி. ஆனால் அங்கே செய்முறைகளுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. புதுமையை ஆராயாமலே பதிவு செய்கிறார்கள், செல்லுமா என்பது சண்டை வரும்போதுதான் தெரியும். அந்தச் சண்டைக்கு ஆகும் செலவைப் பற்றியும் எழுதுங்கள் ஐயா.