பேஸ்காரனுக்கு எதுக்கு ஆம்ப்?

ஞாயிற்றுக்கிழமை தாம்பரம் கல்யாண ரிசப்ஷனில் நான் பேஸ் கிட்டார் வாசித்த கச்சேரி வீடியோவை நேற்று ராத்திரிக்குள் பதினோரு பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். யார் போட்டது, கீழே யார் யார் என்னென்ன எழுதினார்கள் என்று நான் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. இங்கே இருக்கிற பாதிப் பேர் அங்கேயும் இருந்தீர்கள். "பேஸ் டல்லடிக்குது, தந்தி மாத்தி எத்தனை வருஷமோ." "ஆள் பீட்டுக்குப் பின்னாடியே போறாரு." "பேசாம கீபோர்டுலயே வாசிச்சிருக்கலாம்."

தந்தி போன வியாழக்கிழமை மாற்றியது. இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய் செட். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அன்றைக்கு மதியம் மூன்று மணிக்கே ஆம்பை, அதாவது என் பேஸ் சத்தத்தைப் பெருக்கித் தருகிற ஸ்பீக்கர் பெட்டியை, தூக்கிக்கொண்டு மண்டபத்துக்குப் போனேன். சவுண்டுக்கு வந்த தம்பி பார்த்த உடனே, "அண்ணே, அது வேணாம்ணே. லைன் குடுத்தாப் போதும், நான் பாத்துக்கறேன்" என்றார். ஆம்ப் இல்லாமல் கேபிளை மிக்ஸருக்குக் கொடுப்பதைத்தான் லைன் என்கிறார். மேடை அலங்காரத்துக்கு இடைஞ்சல் என்று கோ-ஆர்டினேட்டரும் சொன்னார். பெண் வீட்டுக்காரர்கள் நின்றுகொண்டிருக்கும்போது நான் என்ன வாக்குவாதம் செய்வது? ஆம்ப் ஸ்டோர் ரூம் வாசலில் கிடந்தது. கச்சேரி முடிந்து எடுக்கப் போனபோது அதன்மேல் வாழை இலைக் கட்டை இறக்கி வைத்திருந்தார்கள். கைப்பிடியெல்லாம் ஈரம்.

டிஐ பாக்ஸ் இருக்கிறதா என்று கேட்டேன். கருவியின் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கிற சின்னப் பெட்டி அது. இரண்டு இருந்தது, இரண்டும் கீபோர்டுக்குப் போய்விட்டது. என் கேபிளை நேராக மிக்ஸரின் லைன் இன்புட்டில் சொருகினார்கள். என்னுடையது பேட்டரி இல்லாத பேஸிவ் பேஸ். இதில் கொஞ்சம் விவரம் தெரிந்தவர்களுக்கு இந்த இடத்திலேயே விஷயம் புரிந்திருக்கும். தந்தியின் அதிர்வை மின்சிக்னலாக மாற்றுகிற பேஸிவ் பிக்கப்புக்கு எதிரே பத்து லட்சம் ஓம் அளவுக்கு இன்புட் மின்தடை இருந்தால்தான் அதன் தெளிவு முழுசாக வரும். கிட்டார் ஆம்பிலும் நல்ல ஆக்டிவ் டிஐயிலும் அதனால்தான் அப்படி வைத்திருக்கிறார்கள். மிக்ஸரின் லைன் இன்புட் பத்தாயிரம், இருபதாயிரம் ஓம்தான் இருக்கும். பிக்கப் அந்தச் சுமையில் அமுங்கிப்போய், மேலே இருக்கிற பளபளப்பு மொத்தமும் போய்விடும். புதுத் தந்தியும் பழைய கயிறு மாதிரிதான் கேட்கும். அந்த "டல்" அங்கேயிருந்து வந்தது. என் தந்தியிலிருந்து வரவில்லை.

சரி, பீட்டுக்குப் பின்னால் போனது? போனேன். மறுக்கவில்லை. நாலாவது பாட்டில் இரண்டு இடம், டூயட்டில் சரணம் முழுக்க. ஏன் போனேன் என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.

மேடையில் மூன்று மானிட்டர், அதாவது மேடையில் இருப்பவர்களுக்குக் கேட்பதற்கான ஸ்பீக்கர். மூன்றும் பாடகர்களுக்கு. எனக்கு ஒன்றும் இல்லை. முன்னால் நிற்கிற பெரிய பாக்ஸ்களின் முதுகுப் பக்கம் நின்று வாசிக்கிறேன். பேஸின் அடிச்சத்தம் எல்லாப் பக்கமும் பரவும். அதனால் முதுகுப் பக்கம் "கும்" என்று ஒரு மொத்தை மட்டும் வரும். எந்த நோட்டு, எந்த இடத்தில் விரல் பட்டது என்று காட்டுகிற நடுச்சத்தம் கூட்டத்தைப் பார்த்துப் போய்விடும். அது மண்டபத்துப் பின்சுவரில் மோதித் திரும்பி வரும்போதுதான் எனக்குக் கேட்கும். அந்த மண்டபம் மேடையிலிருந்து பின்சுவர் வரை 30 மீட்டராவது இருக்கும். போக 30, வர 30. சத்தம் ஒரு நொடிக்குச் சுமார் 344 மீட்டர் போகும். கணக்குப் போட்டுப் பாருங்கள், 0.17 நொடி. 120 டெம்போவில், அதாவது நிமிஷத்துக்கு 120 பீட்டில், ஒரு பீட்டே அரை நொடிதான். நான் வாசித்தது எனக்கே மூன்றில் ஒரு பங்கு பீட் தாமதமாகக் கேட்கிறது. விரல் தன்னையறியாமல் அந்தச் சத்தத்துக்காகக் காத்திருக்கும். இருபது வருஷம் வாசித்தவனுக்கும் அப்படித்தான், நேற்று வாசிக்க வந்தவனுக்கும் அப்படித்தான்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. பேஸ் வாசிக்கிறவனுக்கு அவன் வாசிப்பது கேட்க வேண்டும். அதற்கு அவன் பக்கத்தில் ஒரு ஆம்ப் வேண்டும்.

இது என் சொந்த ஆசை இல்லை. 1951இல் அமெரிக்காவில் கிட்டார் செய்துவந்த லியோ ஃபெண்டர் பிரெசிஷன் பேஸ் என்ற எலக்ட்ரிக் பேஸைக் கொண்டுவந்தார். அடுத்த வருஷமே அதற்கென்று பேஸ்மேன் ஆம்பைக் கொண்டுவந்தார். கருவியைச் செய்தவருக்கே ஒரு வருஷத்தில் தெரிந்துவிட்டது. 1969இல் ஆம்பெக் கம்பெனி 300 வாட்டில் எஸ்விடி என்ற பேஸ் ஆம்ப் செய்ததும், ரோலிங் ஸ்டோன்ஸ் ராக் குழு அதை அமெரிக்கச் சுற்றுப்பயணத்துக்குக் கொண்டுபோனதும் பேஸ்காரர்கள் படாடோபத்துக்குக் கேட்டதால் இல்லை. மேடையில் மற்ற சத்தம் ஏறிவிட்டது, இவர்களுக்குத் தங்கள் சத்தம் கேட்கவில்லை. அவ்வளவுதான்.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது புத்தகம் இல்லை. 2009, மன்னார்குடிப் பக்கம் ஒரு கோயில் திருவிழா. நான் அப்போது குழுவில் ரிதம் கிட்டார். எங்கள் பேஸ் அண்ணன் மர வேலைக்காரரிடம் சொல்லிச் செய்த ஒரு பெட்டியில் 12 இஞ்ச் ஸ்பீக்கர் போட்டு வைத்திருந்தார். பஸ் மேலே ஏற்றி இறக்கியே மூலையெல்லாம் சிதைந்துபோன பெட்டி. மேடை பெஞ்சுமேல் பலகை அடித்தது, உள்ளே வெற்றிடம். அவர் மூன்றாவது தந்தியை, அதாவது ஏ தந்தியை, விரல் அழுத்தாமல் தட்டினார், மேடையே முழங்கியது. மற்ற நோட்டெல்லாம் சாதாரணமாக வருகிறது, அந்த ஒரு ஏ நோட்டு மட்டும் ஊரைக் கூட்டுகிறது. இரும்பு நாற்காலி ஒன்று வாங்கிவரச் சொன்னார். சாக்கை நாலாக மடித்து அதன்மேல் போட்டு, பெட்டியைத் தூக்கி வைத்தார். பலகைக்கும் பெட்டிக்கும் தொடர்பு அறுந்தது, முழக்கம் போய்விட்டது. "கீழ வெச்சா முட்டிக்குத்தான்டா கேக்கும். முட்டிக்கா காது இருக்கு?" என்றார்.

அப்புறம் அவர் செய்ததுதான் எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. ஆம்பில் அடிச்சத்தத்துக்கான பேஸ் நாபைக் குறைத்தார். நடுச்சத்தத்துக்கான மிட் நாபை ஏற்றினார். தனியாகக் கேட்டால் தகர டப்பா மாதிரி இருந்தது. நான் முகத்தைச் சுளித்தேன். தபேலாவும் கீபோர்டும் சேர்ந்த உடனே ஒவ்வொரு நோட்டும் தனித்தனியாகத் தெரிந்தது, மாலையில் பூ தெரிகிற மாதிரி. நடுச்சத்தத்தைக் குழியாக வெட்டி, மேலேயும் கீழேயும் ஏற்றி வைக்கிற பையன்களுக்கு நான் இன்றைக்கும் இதைத்தான் சொல்கிறேன். வீட்டில் தனியாக வாசிக்க அது சுகமாக இருக்கும். குழுவோடு வாசித்தால் ஆக்டோபேட் என்கிற எலக்ட்ரானிக் ட்ரம்மின் கிக் சத்தத்துக்குள் போய்ப் புதைந்துவிடும். வாட்டை இரட்டிப்பாக்கினாலும் கூடுவது 3 டெசிபல்தான். மிட்டைக் கொஞ்சம் தொடுங்கள், பணம் மிச்சம்.

"மேடையில ஆம்ப் வெச்சா மேடைச் சத்தம் ஏறிடும், பாடகர் மைக்ல விழும்" என்று சொல்வீர்கள். சின்ன மண்டபத்தில் அது உண்மை. ஒத்துக்கொள்கிறேன். அதற்காகத்தான் அதை எனக்கு மட்டும் கேட்கிற அளவில் பக்கத்தில், காது உயரத்தில் வைக்கச் சொல்கிறேன். ஆம்பின் பின்னாடியே டிஐ அவுட் இருக்கிறது. அதை ப்ரீயில், அதாவது நாபுகளுக்கு முன்னாலேயே சிக்னலை எடுக்கும்படி, போட்டால் நான் என் நாபை என்ன திருகினாலும் வெளியே போகிற லைன் மாறாது. சிக்னல் கேபிளின் கிரவுண்டைத் துண்டிக்கிற கிரவுண்ட் லிஃப்ட் பட்டன் இருக்கிறது, ஜெனரேட்டரின் 'ஹம்' இரைச்சல் வந்தால் பெரும்பாலும் அதிலேயே அடங்கும். சவுண்டுக்கு வருகிறவருக்கு இது வேலையைக் குறைக்கிற விஷயம்.

"இன்-இயர் போட்டுக்கோங்க", அதாவது காதுக்குள் மாட்டுகிற மானிட்டர், என்கிறவர்களுக்கு: போட்டுக்கொள்கிறேன். அதற்குத் தனியாகச் சத்தம் அனுப்ப எனக்கு மிக்ஸரில் ஒரு ஆக்ஸ் அவுட் யார் தருவது?

"ஸ்டூடியோல லைன்லதானே எடுக்கறாங்க" என்று ஒருத்தர் பெரிய மேதை மாதிரி எழுதியிருந்தார். ஆமாம், டெட்ராய்ட்டில் மோட்டவுன் இசைக் கம்பெனியின் ஸ்டூடியோவில் பேஸ் வாசிப்பாளர் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்ததையும் நேராக லைனில்தான் எடுத்தார்கள். ஆனால் வாசிக்கிறவர்களுக்குக் கேட்கட்டும் என்று அந்த அறைக்குள் ஸ்பீக்கர் வைத்திருந்தார்கள். அதைத்தானே நானும் கேட்கிறேன்?

கீபோர்டிலேயே வாசித்திருக்கலாம் என்று எழுதினாரே, அவருக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கீபோர்டு வாசிக்கிறவர் என் நண்பர், அவர் இடது கை எவ்வளவு வேலை செய்யும் என்று எனக்குத் தெரியும். ஆனால் இளையராஜா பாட்டில் சசிதரன் விரல் செய்ததையும், ரஹ்மான் பாட்டில் கீத் பீட்டர்ஸ் விரல் செய்ததையும் கேட்டு வளர்ந்த ஊர் இது. பல்லவி மறந்துபோனாலும் பேஸ் லைனை வாயால் பாடிக்காட்டுகிற ஆட்கள் டீக்கடையில் இருக்கிற ஊர். ஒரு நோட்டிலிருந்து அடுத்த நோட்டுக்கு விரல் வழுக்கிப் போகிறதே, நடுவில் அரை நொடி தந்தியை அமுக்கி ஊமையாக்கி விடுகிறோமே, அதைக் கேட்டுத்தான் என்னைப் போன்றவர்கள் இதை எடுத்தோம். "நாலு தந்திதானே" என்று சொல்லிச் சொல்லித்தான் இன்றைக்கு மேடையில் எங்களுக்கு நிற்க இடமில்லை. பாடகர்கள் பேர் சொல்வார்கள், கீபோர்டு, தபேலா, ட்ரம்ஸ் பேர் சொல்வார்கள். எத்தனை மேடையில் பேஸ் பேரை விட்டுவிட்டு அடுத்த பாட்டுக்குப் போயிருக்கிறார்கள் என்று எங்களைக் கேளுங்கள். பேமென்ட்டும் அப்படித்தான், கடைசிக் கவர் எங்களுக்கு.

இன்னொன்று. அந்த வீடியோ போனில் எடுத்தது, நீங்கள் போனில் கேட்டது. பேஸின் அடித் தந்தி 41 ஹெர்ட்ஸ். எந்த போன் ஸ்பீக்கரிலும் அது வராது. அதற்கு மேலே இருக்கிற அதன் மடங்கு அதிர்வெண்களை வைத்துத்தான் காது அதை ஊகித்துக்கொள்கிறது. அந்த மேல் சத்தத்தைத்தான் நேர் லைன் அமுக்கிவிட்டதே. இல்லாத சத்தத்தைக் கேட்டு ஒரு ஆளின் இருபது வருஷத்தை எடை போட்டிருக்கிறீர்கள்.

என் மகளுக்கு ஒன்பது வயது. யாரோ அவள் அம்மா போனுக்கும் அனுப்பியிருக்கிறார்கள். இரண்டு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, இதுல உன் சத்தம் எங்கப்பா?" என்றாள். நீங்கள் எழுதிய எதுவும் எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை. அவளை உட்கார வைத்து, ஆம்பைப் போட்டு, அந்த டூயட் சரணத்தை முழுசாக வாசித்துக் காட்டினேன். கைப்பிடியில் இலைக்கறை இன்னும் போகவில்லை.

அந்தத் தம்பிமேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரே ஆளாகப் பதினாறு சேனல் பார்க்கிறார், அவருக்கும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வீடியோவை நீக்குங்கள் என்றும் நான் கேட்கவில்லை, இருக்கட்டும்.

வெள்ளிக்கிழமை வேலூர். கோ-ஆர்டினேட்டருக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டேன்: ஆம்பும் நானும் சேர்ந்துதான் மேடை ஏறுவோம், முடியாதென்றால் இன்றைக்கே வேறு ஆள் பார்த்துக்கொள்ளட்டும். யோசித்துச் சொல்கிறேன் என்றார். இன்னும் போன் வரவில்லை.