கடலுக்குக் கார் வயரா?

வயரைக் கத்தியால் சீவிப் பார்த்தேன். உள்ளே வெள்ளையாகப் பளபளத்தது. செம்பு முலாம் பூசிய அலுமினியம்! 1,500 சிங்கப்பூர் வெள்ளிக்குப் பேசி, 1,200 வெள்ளியை முன்பணமாக வாங்கிக்கொண்டு எங்கள் போட்டில் இதைத்தான் இழுத்துவிட்டுப் போயிருக்கிறார், ஸ்பீக்கரும் பாட்டுச் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையரும் மாட்ட வந்த மனிதர். எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

நாங்கள் நாலு பேர் காசு போட்டு வாங்கிய பழைய போட் அது. ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூரின் லாசரஸ் தீவுப் பக்கம் போய் நங்கூரம் போட்டு, வீட்டில் கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவோம். அப்பாவுக்கு எழுபது நிறைகிறது, அவருக்குப் பிடித்த பழைய பாட்டெல்லாம் கடல் காற்றோடு கேட்கட்டும் என்றுதான் ஸ்பீக்கர் போட நினைத்தேன். அவ்வளவுதான் என் ஆசை.

போன ஞாயிறு இரண்டு மணி நேரம் பாட்டு ஓடியது. அப்பா முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். சரி, கிளம்பலாம் என்று சாவியைத் திருப்பினால் 'டிக், டிக்' என்கிறதே தவிர எஞ்சின் எழவில்லை. 400 வாட் ஆம்ப்ளிஃபையரை, எஞ்சினைக் கிளப்பும் பேட்டரியிலேயே நேராகக் கொடுத்திருக்கிறார்! சத்தத்தை முழுதாக வைத்தால் 12 வோல்ட்டில் அது 40 ஆம்பியர்கூட இழுத்து, பேட்டரியைச் சீக்கிரமே காலி செய்துவிடும். பாட்டுக்கும் விளக்குக்கும் ஒரு பேட்டரி, எஞ்சினுக்குத் தனியாக ஒரு பேட்டரி. இது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வருகிறது, அம்மா அப்பாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பக்கத்துப் போட்டில் இருந்த ஒரு சீன அங்கிள், அவர் பேட்டரியோடு எங்கள் பேட்டரியை இணைக்க ஜம்பர் கேபிள் தந்ததால் கரை சேர்ந்தோம். அவர் நன்றாயிருக்க வேண்டும்.

வயர் மாட்டியவருக்குப் போன் போட்டுக் கேட்டேன். "கார்ல ஓடுறது போட்ல ஓடாதாண்ணே? எல்லாம் ஒண்ணுதான்" என்கிறார். எப்படி ஒன்றாகும்? கார் மக்கர் செய்தால் ஓரமாக நிறுத்தி இறங்கிக்கொள்ளலாம். நடுக்கடலில் எங்கே இறங்குவது?

போட்டுக்கு வெள்ளீயம் பூசிய செம்பு வயர்தான் போட வேண்டும். வெறும் செம்பே உப்புக் காற்றில் கறுத்துப் பச்சை பூத்துப் போகும். அலுமினியம் அதைவிட மோசம். மின்சாரத்தைக் கடத்துவதிலும் செம்பில் சுமார் அறுபது சதவீதம்தான் தேறும். அரித்துப்போன முனையில் மின்தடை ஏறும், தடை ஏறினால் சூடு ஏறும், அங்கேதான் பிளாஸ்டிக் உருக ஆரம்பிக்கும். மாட்டி ஆறு வாரம்தான் ஆகிறது, முனையில் அதற்குள் வெள்ளைப் பொடி கட்டியிருக்கிறது.

என் வயிறு நிஜமாகவே எரிந்தது ஃபியூஸைத் தேடியபோதுதான். ஃபியூஸ் இருப்பது ஆம்ப்ளிஃபையரைக் காப்பாற்ற அல்ல, வயரைக் காப்பாற்ற. அதனால்தான் அமெரிக்கப் படகுத் தரவிதிகள், தனி உறைக்குள் போகாத வயராக இருந்தால் பேட்டரியிலிருந்து 7 அங்குலத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும் என்கின்றன. இவர் வைத்திருப்பது நாலு மீட்டர் தள்ளி, ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில்! இடையில் அந்த வயர், தடுப்புப் பலகையில் போட்ட ஓட்டை வழியாக, விளிம்புக்கு ஒரு ரப்பர் வளையம்கூட இல்லாமல், பெட்ரோல் டாங்கை ஒட்டிப் போகிறது. அலை அடிக்க அடிக்க வயர் உராயும். தோல் கிழிந்து ஷார்ட் ஆனால் பேட்டரியில் இருக்கும் மொத்தச் சக்தியும் அந்த இடத்தில் இறங்கும், தடுக்க நடுவில் ஒன்றுமே கிடையாது. பணத்தை விடுங்கள். அந்த வயர் என் அப்பாவும் அம்மாவும் உட்கார்ந்திருந்த இருக்கைக்கு அடியில் போகிறது!

ஸ்பீக்கரை மாட்டிய இடமாவது சரியா? திசைகாட்டியை ஒட்டி ஒன்று. ஸ்பீக்கருக்குள் காந்தம் இருக்கிறது என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரியும். முள் கோணிக்கொண்டு நிற்கிறது.

தெரியாத வேலையைத் தெரியாது என்று சொல்லியிருந்தால் நான் கும்பிட்டு அனுப்பியிருப்பேன். "பத்து வருசமா இதேதான் செய்றேன்" என்று என் முகத்துக்கு நேராகச் சொன்னார். அப்படியானால் பத்து வருடமாக எத்தனை போட்டில் இந்த வயர் ஓடுகிறது? எத்தனை பேர் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அதன்மேல் உட்கார்ந்திருக்கிறார்கள்?

நேற்று இரவு எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டேன். இன்று காலை அவரிடமிருந்து மெசேஜ்: மீதி 300 வெள்ளி எப்போது தருவீர்கள்? சீவிய வயரைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன். வாங்கிய 1,200 வெள்ளியை எப்போது திருப்பித் தருவாய் என்று கீழே எழுதியிருக்கிறேன்.