ராமானுஜன் 'படிக்காத மேதை' அல்லர்
'பள்ளிப் படிப்பே இல்லாத துறைமுகக் குமாஸ்தா ராமானுஜன், கனவில் குலதெய்வமான நாமகிரித் தாயார் சொன்னதை எழுதிவைத்தார், அவ்வளவுதான்' என்று ராயபுரம், தண்டையார்பேட்டை வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிவரும் செய்தி தவறானது. மேதை கண்ணை மூடியதும் விடை காற்றில் மிதந்து வருவதாகக் காட்டும் திரைப்படங்கள் இதை எளிதில் நம்பவைக்கின்றன. தாயாரின் அருளை அவர் நம்பினார் என்பது உண்மையே. ஆனால் பள்ளிப் பருவத்திலேயே லோனியின் முக்கோணவியல் நூலையும், ஆயிரக்கணக்கான தேற்றங்கள் அடங்கிய கார் என்பவரின் தொகுப்பையும் கற்றுத் தேர்ந்தவர் அவர். கல்லூரியின் முதல் கட்டத் தேர்வான எஃப்.ஏ.வில் தவறியது கணிதமல்லாத பாடங்களால். காகிதம் வாங்கிக் கட்டுப்படியாகாததால் சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் குறித்தார். அவரது நோட்டுகளில் விடைக்கான வழிமுறை காணப்படாததற்கு அதுவும் ஒரு காரணம். 1912 மார்ச்சில் துறைமுகத்தில் வேலைக்குச் சேருமுன்பே, 1911இல், இந்தியக் கணிதக் கழக இதழில் அவரது கட்டுரை வெளிவந்துவிட்டது.